‘இது எங்க ஊர்க் கதைதானே அக்கா?’

போன இதழில் ‘முஸ்டாங்’ என்ற துருக்கிப் படத்தைப் பற்றி நாலே வரி எழுதியிருந்தேன். அஞ்சு அக்கா தங்கச்சிகளை வீட்டுக்குள் போட்டுப் பூட்டி, ஒவ்வொருத்தியாகக் கட்டிக்கொடுக்கிற கதை, முடிந்தால் பாருங்கள் என்றுதான் சொன்னேன். அதற்குத் தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் கடற்கரை ஊர்க்காரர்கள் மொத்தமாகக் கிளம்பிவிட்டார்கள். பாராட்டு கொஞ்சம், திட்டு கொஞ்சம், மிச்சமெல்லாம் கேள்வி. அதனால் இந்த முறை அரசியல், கிரிக்கெட், நடிகை கல்யாணம் எல்லாவற்றுக்கும் லீவு. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை. இன்னொன்று, கதை முழுக்க வெளியே வந்துவிடும். பார்த்த பிறகுதான் படிப்பேன் என்பவர்கள் பக்கத்தை மடித்து வைத்துவிடுங்கள்.

கல்லூரி மாணவி, கீழக்கரை: நான் இன்னும் பார்க்கவில்லை. எங்க ராத்தா (அக்கா) பார்த்துவிட்டு ரெண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அப்படி என்னதான் கதை?

ராத்தாவைக் கொஞ்சம் விட்டுப் பிடியுங்கள், தானாகப் பேசுவார்.

2015இல் வந்த படம் இது. எடுத்தவர் டெனிஸ் கம்ஸே எர்குவென், அங்காராவில் பிறந்து பிரான்ஸில் வளர்ந்தவர், முதல் முழுநீளப் படமே இதுதான். பேச்சு முழுக்கத் துருக்கி மொழி, ஆனால் ஆஸ்கருக்கு அனுப்பியது பிரான்ஸ், கடைசிச் சுற்று ஐந்து படங்களில் ஒன்றாகவும் வந்தது. கதை நடப்பது கருங்கடல் ஓரத்து ஊர் ஒன்றில். அப்பா அம்மா இல்லாத அஞ்சு பெண்களைப் பாட்டியும் சித்தப்பாவும் வளர்க்கிறார்கள். கடைக்குட்டி லாலேதான் கதை சொல்கிறாள்.

பள்ளிக்கூடம் லீவு விடுகிற நாள். வெயில் நன்றாக இருக்கிறதே என்று அஞ்சு பேரும் கடற்கரை வழியாக நடக்கிறார்கள். யூனிஃபார்மோடு தண்ணீரில் இறங்கி, கூடப் படிக்கிற பையன்கள் தோளில் ஏறி உட்கார்ந்து, ஒருத்தியை ஒருத்தி தள்ளிவிடுகிற விளையாட்டு. அவ்வளவுதான் விஷயம். ஈரத்துணியோடு வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பக்கத்து வீட்டு அம்மாள் வழியாகச் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. பையன்கள் கழுத்தில் உட்கார்ந்தீர்களாமே என்று பாட்டி ஒவ்வொருத்தியாக உள்ளே இழுத்துப்போய் அடிக்கிறாள். அதற்கு ஒருத்தி, இந்த நாற்காலியிலும்தான் நாங்கள் உட்கார்ந்தோம், இதுவும் அசிங்கம்தானே என்று நாற்காலியை வெளியே தூக்கிப் போட்டுக் கொளுத்துகிறாள். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்த அரை மணி நேரத்தில் சிரிப்பு போய்விட்டது. போன், கம்ப்யூட்டர் எல்லாம் அலமாரிக்குள் போகின்றன, பள்ளிக்கூடம் நிற்கிறது, மண்ணாங்கட்டி நிறத்தில் தொளதொளவென்று ஒரு உடுப்பு வருகிறது, ஊர்ப் பெரிய பொம்பளைகள் வந்து சமையலும் தையலும் சொல்லிக்கொடுக்கிறார்கள், அப்புறம் பெண் பார்க்க வருகிறார்கள். வீடு பெண்டாட்டி தயாரிக்கிற ஃபேக்டரி ஆகிவிட்டது என்கிறாள் லாலே. மதிலை உயர்த்துகிறார்கள். ஜன்னலுக்குக் கம்பி போடுகிறார்கள்.

வாசகர், தொண்டி: எப்பப் பார்த்தாலும் முஸ்லிம் வீட்டுப் பெண்களை அடைத்து வைக்கிறார்கள் என்று ஒரு படம், அதற்கு வெளிநாட்டில் ஒரு விருது. உங்களுக்கும் சிபாரிசு செய்ய வேறு படமே கிடைக்கவில்லையா?

கோபம் நியாயமானது பாய். ஒரு தாடி, ஒரு முக்காடு, பின்னணியில் பாங்கு, இந்த மூன்றையும் வைத்துவிட்டால் கதை முடிந்தது என்று எடுக்கிற ஆட்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள், இங்கேயும் இருக்கிறார்கள். இந்தப் படத்தையே ஐரோப்பாக்காரன் கண்ணுக்காக எடுத்தது என்று துருக்கியிலும் சிலர் குறை சொன்னார்கள். அந்தப் பெண்கள் பேசுகிற தோரணை அந்த ஊர்ப் பேச்சு மாதிரியே இல்லை என்றும் சொன்னார்கள். இருக்கலாம்.

ஆனால் படத்தை இன்னொரு தரம் ஓட்டிப் பாருங்கள். அந்தக் கதவை ஒரு ஆலிம் வந்து பூட்டவில்லை, ஒரு ஃபத்வாவும் வரவில்லை. பூட்டியது பக்கத்து வீட்டு வாய். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்று நாம் சொல்வோம் இல்லையா, அந்த வாயை மூட முடியாதவர்கள் வீட்டுப் பெண்ணின் கதவை மூடுகிறார்கள். மார்க்கம், மானம், குடும்பம் எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வந்து அந்தப் பூட்டுக்கு மேல் பூட்டாகத் தொங்குகின்றன. இது தொண்டியில் நடக்கும், மூக்கையூரில் கோயில் மணிச் சத்தம் கேட்கிற தெருவிலும் நடக்கும், அபிராமத்தில் கிடா வெட்டுகிற வீட்டிலும் நடக்கும். பெண் வயசுக்கு வந்ததும் பந்தல் போட்டு, சீர் வரிசை வைத்து, போட்டோ எடுத்து ஊருக்கே சோறு போட்டுவிட்டு, மறுநாள் ‘இனிமே கடற்கரைப் பக்கம் போகாதே’ என்று சொல்கிறவர்கள் எந்த மதம்? உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச்சில் சாதி மாறிக் கட்டிக்கொண்டதற்காகப் பட்டப்பகலில் நடுரோட்டில் சங்கரை வெட்டிக் கொன்றார்களே, கௌசல்யாவையும் வெட்டினார்களே, அங்கே சாதிதான் கத்தியைத் தூக்கியது.

அப்புறம், உங்கள் பக்கத்து ஊர் வழக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழக்கரையில் வீடு பெண்ணுக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் அங்கே வந்து இருப்பார், பெண் பெற்ற வீட்டை விட்டு அழுதுகொண்டே கிளம்ப வேண்டியதில்லை. மற்ற சமூகங்களில் சொத்துரிமைக்காகக் கோர்ட்டு வாசலில் நிற்கிற அக்கா தங்கச்சிகளை எண்ணிப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய விஷயம். அதே கீழக்கரையில்தான் 1988இலேயே தாசீம் பீவி அப்துல் காதர் பெயரில் பெண்களுக்கென்று ஒரு கல்லூரி வந்தது. இதையெல்லாம் ஒரு படமும் காட்டுவதில்லை என்று நீங்கள் சண்டைக்கு வந்தால் நானும் உங்கள் பக்கம் நிற்பேன். ஆனால் வீடு அவள் பேரில் இருக்கிறது, வாசல் யார் பேரில் இருக்கிறது என்று அந்தக் கல்லூரிப் பெண்கள் கேட்டால், அவர்கள் பக்கமும் நிற்பேன். (இரண்டு பக்கமும் நிற்கிறாயே என்று எழுதாதீர்கள். இரண்டும் உண்மை.)

பெயர் வேண்டாம், பாம்பன்: எங்க அம்மா பாசி எடுக்கப் போறவங்க. கழுத்தளவு தண்ணியில நாள் முழுக்க நிக்குறாங்க, முழுகுறாங்க, ஆம்பளைங்களோட ஒரே வல்லத்துல போறாங்க. அதை யாரும் ஒண்ணும் சொல்றதில்லை. நான் பஸ் ஸ்டாப்புல கிளாஸ் பையனோட சிரிச்சுப் பேசுனா மட்டும் சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்கு வந்துருது. ஏன் அக்கா?

இந்த வாரம் வந்ததில் இதுதான் கேள்வி. இதற்காகவே மற்றதைச் சுருக்கினேன்.

உங்கள் அம்மா மாதிரி ஆட்கள் கடலுக்குள் இறங்குகிற கோலத்தை வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை. பாறை கிழிக்காமல் இருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணிச்சுற்று. காலில் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்து உள்ளே போய், பாறையில் ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து, மேலே வந்து பையில் போட்டு, மறுபடி உள்ளே. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் கடல் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து வனத்துறைப் படகு வருகிறதா என்று ஒரு கண் அங்கேயும் இருக்க வேண்டும். அலையில் புடவை முட்டிக்கு மேல் ஏறும், ஈரச்சட்டை உடம்போடு ஒட்டும். ஊர் அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்தும் பேசுவதில்லை, ஏனென்றால் சாயங்காலம் அந்தப் பாசி எடை போடப்படும், காசு வரும், சொசைட்டிக் கடன் கட்டலாம், மகனுக்கு பைக் தவணை கட்டலாம்.

துருக்கிப் பெண்கள் கடலில் இறங்கிச் செய்தது என்ன? ஒன்றும் இல்லை. மீன் பிடிக்கவில்லை, பாசி எடுக்கவில்லை. சிரித்தார்கள். உங்கள் பஸ் ஸ்டாப்பிலும் அதுதான் நடந்தது. உழைப்பதற்குப் பெண்ணுக்கு எந்தத் தடையும் இந்தக் கரையில் கிடையாது, கருவாடு காயப்போடுவாள், கூடை சுமப்பாள், விடியக்காலை மூன்று மணிக்கு ஏலக்கூடத்தில் ஆண்களுக்கு நடுவே நின்று விலை கேட்பாள். காரணமே இல்லாமல் சந்தோஷமாக இருந்தால்தான் ஊருக்கு வயிறு எரியும்.

2014 ஜூலையில் துருக்கியின் துணைப் பிரதமராக இருந்த புலெந்த் அரிஞ்ச், பெண்கள் நாலு பேர் முன்னால் சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்று மேடையிலேயே பேசினார். அந்த நாட்டுப் பெண்கள் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற போட்டோக்களை ட்விட்டரில் போட்டுத் தள்ளினார்கள். பாவம், அவருக்கு நம்ம ஊர்க் கிழவிகளைத் தெரியாது. ‘பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு’ என்று துணைப் பிரதமர் பதவி இல்லாமலேயே எப்போதோ சொல்லி முடித்துவிட்டார்கள்.

உங்கள் அம்மாவிடம் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள், வல்லத்தில் போகும்போது அவர்கள் என்ன பேசிச் சிரிப்பார்கள் என்று. உங்களிடம் சொல்ல மாட்டார்கள். ஆனால் நன்றாகவே சிரிப்பார்கள்.

பெயரும் ஊரும் வேண்டாம்: படத்தில் அந்தப் பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ‘பரிசோதனை’ செய்கிறார்களே, அப்படி நிஜமாகவே கண்டுபிடிக்க முடியுமா? எனக்கு அடுத்த மாதம் நிக்காஹ். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

முடியாது. சும்மா கேட்டாலும் சரி, பயந்து கேட்டாலும் சரி, பதில் ஒன்றுதான். அந்தக் கன்னிச்சவ்வு ஆளுக்கு ஆள் வேறு மாதிரி இருக்கும், முதல் இரவில் ரத்தம் வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, நிறையப் பேருக்கு வருவதே இல்லை. இந்தச் சோதனைக்கு மருத்துவ அடிப்படையே கிடையாது, இதை ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐநா அமைப்புகளும் 2018இல் சேர்ந்தே சொன்னார்கள். பாலியல் வழக்குகளில் செய்து வந்த இரு விரல் சோதனையை நிறுத்தச் சொல்லி 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டது, அதே வருஷம் அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இனி யாராவது செய்தால் அது தவறான நடத்தை என்றே தீர்ப்பில் எழுதியது.

படத்திலேயே பதில் இருக்கிறது. இரண்டாவது பெண் செல்மாவுக்கு முதல் இரவில் ரத்தம் வரவில்லை. கதவுக்கு வெளியே மாமனார் மாமியார் படுக்கை விரிப்பைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள். கல்யாண உடுப்போடு ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போகிறார்கள். சோதித்த டாக்டர், சவ்வு அப்படியே இருக்கிறது, இவளுக்கு அமைப்பு அப்படி, ரத்தம் வராது என்கிறார். நிம்மதியாக நிக்காஹ் செய்துகொள்ளுங்கள். யாராவது விரிப்பைக் கேட்டால் துவைக்கப் போட்டாச்சு என்று சொல்லுங்கள்.

குடும்பத் தலைவி, தங்கச்சிமடம்: என் மகள் பத்தாவது படிக்கிறாள். படிப்பை நிறுத்தவில்லை. ஆனால் போனை வாங்கி வைத்திருக்கிறேன், கடைக்குக்கூடத் தனியாக விடுவதில்லை. படத்தில் அந்தப் பாட்டியைப் பார்த்தபோது என்னைத் திட்டுவது மாதிரியே இருந்தது. நானும் அப்படித்தானா?

அந்தப் பாட்டியை வில்லி என்று நினைத்துவிடாதீர்கள் அக்கா. இயக்குநரும் அப்படி வைக்கவில்லை. அந்த வீட்டுப் பெரிய பொம்பளைகள் அடிக்கவும் அடிப்பார்கள், பெண்களைக் காப்பாற்றப் பொய்யும் சொல்வார்கள். கால்பந்து காட்சி நினைவிருக்கிறதா? ரசிகர்கள் கலாட்டா செய்ததற்குத் தண்டனையாக ஆண்கள் வரக் கூடாது, பெண்கள் மட்டும் மேட்ச் பார்க்கலாம் என்று ஒரு ஆட்டம். (இது கற்பனை இல்லை. 2011 செப்டம்பரில் இஸ்தான்புல்லில் ஃபெனர்பாச்சே அணியின் ஆட்டத்துக்கு நிஜமாகவே 41,000க்கு மேல் பெண்களும் குழந்தைகளும் போனார்கள்.) அஞ்சு பேரும் வீட்டிலிருந்து நழுவி மைதானத்துக்குப் போய்விடுகிறார்கள். இங்கே ஆண்கள் டிவி முன்னால் உட்காரப் போகிறார்கள். கூட்டத்தைக் காட்டினால் இவர்கள் முகம் தெரிந்துவிடும். உடனே அத்தைக்காரி வீட்டுக் கரண்டைப் பிடுங்குகிறாள். அது போதாதென்று வெளியே ஓடி ஊருக்கே கரண்ட் போகிற மாதிரி செய்துவிடுகிறாள். நம்ம வீடுகளில் பியூஸ் கேரியரைக் கழற்றி மடியில் ஒளித்துவைத்துக்கொண்டு ‘கரண்டு போச்சே’ என்று அப்பாவியாகக் கேட்கிற சித்திகள் எத்தனை பேர்! காவல் காக்கிறவளும் அவளே, கள்ளச்சாவி கொடுக்கிறவளும் அவளே.

ஆனால் அந்தப் பாட்டிக்குத் தெரிந்த இன்னொரு விஷயம் இருக்கிறது. ராத்திரியில் தன் மகன், அதாவது அந்தச் சித்தப்பா, அந்தப் பெண்கள் படுத்திருக்கிற அறைக்குள் போகிறான். அதைத் தெரிந்த பிறகுதான் அவள் கல்யாணங்களை இன்னும் அவசரப்படுத்துகிறாள். தன் மகனை வெளியே அனுப்ப முடியாதவள் பேத்திகளை வெளியே அனுப்புகிறாள். மூன்றாவது பெண் எஜே அதற்குள் உயிரை விட்டுவிடுகிறாள். கடலில் குளித்தால் கெட்டுப்போவார்கள் என்று கம்பி போட்டார்களே, கெடுத்தவன் கம்பிக்கு இந்தப் பக்கம், சாப்பாட்டு மேசையில் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பத்தாவது படிக்கிற பெண்ணிடம் போன் இருக்கலாமா கூடாதா என்று நான் சொல்ல மாட்டேன், அது உங்கள் வீட்டுக் கணக்கு. மகளை ‘வேண்டாம்’ என்று தடுக்கும்போது உங்கள் மனசில் யார் முகம் வருகிறது என்று மட்டும் பாருங்கள். இருட்டு ரோடும் குடித்துவிட்டு வருகிற ஆளும் வந்தால் அது ஆபத்தைப் பற்றிய பயம், அதற்கு வழி இருக்கிறது, துணைக்கு ஆள் அனுப்பலாம், நேரத்தை மாற்றலாம். எதிர்வீட்டு மதினி முகம் வந்தால் அது வேறு. அதற்கு மகளை அடைத்துப் பிரயோசனம் இல்லை, மதினி அப்போதும் ஏதாவது சொல்வார். அப்புறம், வீட்டுக்கு வந்து போகிற ஆளைப் பற்றியோ, வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஆளைப் பற்றியோ மகள் ஒரு நாள் தயங்கித் தயங்கி ஏதாவது சொன்னால் அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். 1098 என்ற எண்ணை இருவருமே மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்கான இலவச உதவி எண். போனை வாங்கி வைத்தாலும் எண் மனசில் இருக்கும்.

இளைஞர், மண்டபம்: இப்படி ஒரு கதையைத் தமிழில் ஏன் யாரும் எடுப்பதில்லை?

எடுக்கிறதற்கு முன்னால் வாழ்ந்தே காட்டிவிட்டார்கள் தம்பி. துவரங்குறிச்சியில் பருவ வயதில் பள்ளிக்கூடம் நின்று, வீட்டுக்குள் உட்காரவைக்கப்பட்ட ஒரு பெண் ராத்திரிகளில் ஒளிந்து ஒளிந்து கவிதை எழுதினாள். எழுதின தாளை வீட்டை விட்டு வெளியே கடத்தித் தபாலில் சேர்த்தது அவளுடைய அம்மா. அந்தப் பெண்தான் கவிஞர் சல்மா. பிறகு பேரூராட்சித் தலைவர் ஆனார், 2004இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ என்ற நாவல் வந்தது, 2025இல் மாநிலங்களவைக்குப் போனார். அவரைப் பற்றி 2013இல் பிரிட்டன்காரர் கிம் லாங்கினாட்டோ ஒரு ஆவணப்படம் எடுத்தார். பிரிட்டனிலிருந்து வந்து எடுத்தார் என்பதில் உங்கள் கேள்விக்கான பதில் பாதி இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், ஏர்வாடி: வயசுப் பெண்கள் வீட்டை விட்டு ஓடிப்போவதுதான் தீர்வு என்று படம் சொல்கிறது. முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை நான் ஒத்துக்கொள்ள முடியாது. ஓடிப்போன பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஐயா, நீங்கள் வாத்தியார் என்பதால்தான் உங்களிடம் கொஞ்சம் உரிமையோடு பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில், அஞ்சு பேரும் ஓடவில்லை. மூத்தவள் சோனாய் தான் விரும்பின பையனையே கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே போகிறாள். செல்மாவுக்கு யாரென்றே தெரியாத ஆளோடு கல்யாணம். எஜே இறந்துவிடுகிறாள். மிச்சம் இருக்கிற நூரையும் கல்யாண மேடை வரைக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள். அன்றைக்குத்தான் லாலேயும் நூரும் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம் வெளியே நின்று கதவைத் தட்டுகிறது, ஜன்னலை உடைக்கப் பார்க்கிறது, முடியவில்லை. பெண்கள் வெளியே போகக் கூடாது என்று போட்ட கம்பி, ஆண்களை உள்ளே விடாமல் தடுக்கிறது! தியேட்டரில் பார்த்திருந்தால் விசில் அடித்திருப்பேன்.

ஆனால் அவர்கள் எங்கே ஓடினார்கள் என்பதைக் கவனித்தீர்களா? படத்தின் முதல் காட்சியே லாலே தன் டீச்சரைக் கட்டிக்கொண்டு அழுவதுதான். டீச்சருக்கு இஸ்தான்புல்லுக்கு மாற்றல். போகும்போது அந்த அம்மாள் தன் முகவரியை எழுதிக் கொடுக்கிறார். கடிதம் போடு என்பதற்காகக் கொடுத்ததுதான், வேறு திட்டம் ஒன்றும் இல்லை. அந்தச் சீட்டு இல்லையென்றால் லாலே எவ்வளவு துணிச்சல்காரியாக இருந்தாலும் பஸ் நிலையத்தோடு நின்றிருப்பாள். நீங்கள் பார்த்த, ஓடிப்போய் சீரழிந்த பிள்ளைகள் எல்லோரும் முகவரி இல்லாமல் ஓடியவர்கள் என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்கு வெளியே பெரியவர் ஒருத்தர், விஷயத்தைக் கேட்டால் வீட்டுக்குப் போட்டுக்கொடுக்காத ஒருத்தர், அந்தப் பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லை. சல்மாவின் தாள்களும் வெளியே ஒரு முகவரிக்குத்தான் போயின.

முப்பது வருஷத்தில் எத்தனை பெண்கள் பத்தாவதோடு காணாமல் போயிருப்பார்கள் உங்கள் வருகைப் பதிவேட்டிலிருந்து? பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் ஆகியும் ஒரு பெயருக்கு நேராகக் கோடு விழுந்துகொண்டே இருந்தால் வாத்தியார் ஒருத்தர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நிற்கலாம். 18 முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் என்று தெரிந்தால் மாவட்டச் சமூக நல அலுவலரிடம் சொல்லலாம், 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி தடுக்கிற அதிகாரம் அவரிடம் இருக்கிறது. நடந்து முடிந்திருந்தாலும் அந்தப் பெண் மேஜராகி இரண்டு வருஷத்துக்குள் கோர்ட்டில் கேட்டு ரத்து செய்துகொள்ளலாம், இது நிறையப் பேருக்குத் தெரியாது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாசம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழுகிற புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்ததே, ‘செலவுக்கு எங்கே போக’ என்கிற அப்பாவிடம் இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். நீங்கள் ஓய்வுபெற்றால் என்ன, ஊர் இன்னும் சார் என்றுதானே கூப்பிடும்.

வாசகி, திருப்பாலைக்குடி: இதே மாதிரி வேறு படங்கள் சொல்லுங்கள். மனசு ரொம்பக் கனக்காத படமாக.

இரண்டு சொல்கிறேன். ‘வஜ்தா’, 2012, சவூதி. பச்சை சைக்கிள் ஒன்று வாங்கியே தீர வேண்டும் என்று ஒரு சின்னப் பெண், பரிசுப் பணத்துக்காகக் குர்ஆன் ஓதும் போட்டியில் சேர்கிறாள். எடுத்தவர் ஹைஃபா அல்மன்சூர் என்ற பெண். ரியாத் தெருக்களில் ஆண்களோடு நின்று படம் எடுக்க முடியாது என்பதால் வேனுக்குள் உட்கார்ந்து வாக்கிடாக்கியில் சொல்லிச் சொல்லி இயக்கினார். அப்போது அந்த நாட்டில் சினிமாத் தியேட்டரே கிடையாது.

இன்னொன்று ஈரானிய இயக்குநர் மர்ஸியே மெஷ்கினி 2000இல் எடுத்த ‘நான் பெண்ணான நாள்’. மூன்று குட்டிக் கதைகள், கீஷ் தீவில் எடுத்தது, உங்கள் ஊர்க் கடற்கரை மாதிரியே வெள்ளை வெயில். முதல் கதையில் ஹவாவுக்கு அன்றைக்கு ஒன்பது வயசு முடிகிறது, இனி பையன்களோடு விளையாடக் கூடாது. ஆனால் நான் பிறந்தது நடுப்பகலில்தானே, அதுவரைக்கும் விடுங்கள் என்று வாதாடி வாங்குகிறாள். பாட்டி ஒரு குச்சியைக் கொடுத்து மணலில் நட்டுப் பார், நிழல் இல்லாமல் போனதும் வந்துவிடு என்கிறாள். கரையில் தெப்பம் கட்டிக்கொண்டிருக்கிற பையன்களுக்குப் பாய் வேண்டியிருக்கிறது, இவள் தலைத்துணியை ஒரு பொம்மைக்கு மாற்றாகக் கொடுத்துவிடுகிறாள். அது காற்றில் புடைத்துக்கொண்டு கடலுக்குள் போகிறது. நடுக்கதையில் கருப்பு அங்கியோடு பெண்கள் சைக்கிள் ரேஸ் போகிறார்கள், பின்னாலேயே குதிரையில் புருஷன் துரத்தி வருகிறான், தலாக் சொல்ல ஆளைக் கூட்டிக்கொண்டு! அதைப் பார்த்தபோது எனக்குப் பக்கத்து மாவட்டம்தான் ஞாபகம் வந்தது. புதுக்கோட்டையில் 1991, 92 வாக்கில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார்கள், ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். கல்குவாரியில் வேலை பார்த்த பெண்களும் முஸ்லிம் வீட்டுப் பெண்களும் சேர்ந்தே ஓட்டினார்கள். நல்லவேளை, குதிரையில் யாரும் வரவில்லை.

17 வயது, தேவிபட்டினம்: லாலே லாரி டிரைவர் ஒருத்தரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாளே, அதைப் பார்த்ததிலிருந்து எனக்கும் வண்டி பழக ஆசை. அப்பாவோட ஸ்கூட்டி சும்மாதான் நிற்கிறது. அப்பா சரி என்று சொல்லிவிட்டார், அப்பத்தாதான் முறைக்கிறது. பழகலாமா?

அப்பத்தா முறைப்பது இருக்கட்டும், சட்டமும் முறைக்கிறது. 16 வயசில் 50 சிசிக்கு மேல் போகாத கியர் இல்லாத வண்டிக்குத்தான் லைசென்ஸ் கிடைக்கும், இப்போது கடையில் நிற்கிற பெட்ரோல் ஸ்கூட்டி எல்லாமே அதற்கு மேல். 18 முடியாமல் ரோட்டில் ஓட்டிப் பிடிபட்டால் 25,000 ரூபாய் அபராதம், ஜெயில் எல்லாம் உனக்கு இல்லை, சரி என்று சொன்ன அப்பாவுக்கு. அதனால் பிறந்த நாள் வரைக்கும் பொறு. அன்றைக்கே ஆன்லைனில் எல்.எல்.ஆர். போடு, முப்பது நாள் கழித்து, ஆறு மாசம் முடிவதற்குள் டெஸ்ட்டுக்குப் போய்விடு. எட்டுப் போடச் சொல்வார்கள், பயப்படாதே. அதுவரைக்கும் வாசலில் வண்டியை நடு ஸ்டாண்டு போடப் பழகு. அதற்கு வயசு வரம்பு கிடையாது, கைக்கும் நல்லது, அப்பத்தாவுக்கும் பார்த்துப் பார்த்துப் பழகிவிடும்.